மெற்றில்டாவின் அட்டைத் தொலைபேசி

மீன் வெட்டிக்கொண்டிருந்த வலன்ரைனின் மூக்குக்கு நேரே ஒரு துண்டு அட்டையை நீட்டி, பெருவிரலால் அழுத்தினார் மெற்றில்டா. "டிக்! அடுத்த கேள்வி வந்திட்டுது எண்டு நெனச்சுக்க. வீட்டில நுளம்பு வலை இருக்கா?"

"போன கிழமையும் இதத்தானே கேட்டீங்க அக்கா?"

"அப்ப ரெண்டாவது கேள்வியாக் கேட்டன். இப்ப மூணாவது கேள்வி. கோவம் வருதா இல்லையா? அதச் சொல்லு."

வருகிறது என்றார் வலன்ரைன். மெற்றில்டா அட்டையில் ஒரு கோடு கீறிவிட்டு, அரைக் கிலோ சாளையோடு வெள்ளவத்தை அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார்.

கொட்டாஞ்சேனைக்காரி. சவர்க்காரம், பால்மா, பற்பசை என்று கேள்வி கேட்டு இருபத்திரண்டு வருடம் கொழும்பின் கதவுகளைத் தட்டியவர். நாய் குரைக்கிற விதத்தை வைத்தே, எத்தனையாவது கேள்வியில் கதவு சாத்தப்படும் என்று சொல்லிவிடுவார். நுளம்பு வலை கொடுக்கும் ஒரு நிறுவனம் இந்த வருடம், 2007இல், காகிதப் படிவத்தைக் கைவிட்டுக் கைத்தொலைபேசியில் விவரம் திரட்டப் போகிறது. எந்தத் திரையில் எந்தக் கேள்வி என்று திட்டமிடுவது மெற்றில்டாவின் பாடு. அதைத் தொலைபேசிக்குள் ஏற்றுவது பொறியியலாளர் சிவபாலனின் பாடு.

மெற்றில்டாவுக்குக் கணினி பிடிக்காது. பிஸ்கட் பெட்டியைத் திரையளவுக்கு வெட்டி, அட்டைக்கொரு கேள்வி எழுதி, கடதாசிச் சீட்டு விளையாடுபவர்போல் மேசையில் பரப்புவார். கழித்த கேள்விகளை மடித்து, ஆடுகிற மேசைக்காலின் அடியில் செருகுவார். மேசை இன்னும் ஆடுகிறது.

"இன்னும் கழிக்க இருக்கு தம்பி" என்றார், முதல் அட்டையைத் தட்டி. பெயர், நிரந்தர முகவரி, வீட்டில் எத்தனை பேர்.

"ஆக்கள் எத்தனை எண்டு தெரியாமல் வலை எத்தனை எண்டு எப்பிடியக்கா சொல்லுறது?" சிவபாலன் அசையவில்லை. வெள்ளிக்கிழமை படிவம் முடிவாகிவிடும். பிறகு மாற்ற இயலாது. கணக்குப் பிழைத்தால், வீட்டுக்கு வீடு வலை குறையும்.

வியாழக்கிழமை ஒத்திகை. கடற்கரைப் பக்க ஒழுங்கையில் கனகேஸ்வரியின் வீடு. வாசலில் பதினொரு சோடிச் செருப்பு. சிவபாலன் தொலைபேசியைப் பார்த்து வாசித்தார். மூன்றாவது கேள்வி முடியுமுன் கனகேஸ்வரி உள்ளே ஓடி, பொலித்தீன் உறையில் ஒரு தாளோடு வந்தார். போர்க்காலம்; கொழும்பில் தங்கும் தமிழர் பொலிஸில் பதிய வேண்டும், பதியாதவர்கள் பிடிபடுவார்கள்.

"இந்தாங்கோ தம்பி, பொலிஸில பதிஞ்ச துண்டு. நாலே பேர்தான். சீலும் கிடக்கு, பாருங்கோ."

உள்ளே யாரோ தும்மினார்கள். இன்னொருவர் 'உஷ்' என்றார்.

"ரேடியோ" என்றார் கனகேஸ்வரி.

சிவபாலன் நாலை அழுத்தினார். மெற்றில்டா செருப்புகளை ஒதுக்கிப் படியில் உட்கார்ந்தார். "நுளம்பு எப்பிடியக்கா இங்க?"

"ஐயோ, ஏன் கேக்கிறாய் பிள்ளை! கடிச்சுத் தின்னுது!"

"ராவைக்கு எத்தின பாய் விரிப்பீங்க?"

"ஹோலுக்க நாலு, அறைக்க மூண்டு, குசினிக்க ஒண்டு…" வந்த வேகத்தில் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"பயப்பிடாதீங்க. நான் பாயைத்தான் கேட்டன். ஆளக் கேக்கவே இல்ல." மெற்றில்டா சிவபாலனைத் திரும்பிப் பார்த்தார். "எட்டு வலை, தம்பி. நாலில்ல."

உள்ளே ரேடியோ மறுபடியும் தும்மியது.

இருவரும் அலுவலகம் திரும்பினார்கள். மாடிப்படியில் சிவபாலன் கேட்டார்: "அப்ப பேரும் வேண்டாமோ அக்கா?"

"வலைக்கு எதுக்குத் தம்பி பேரு?"

மெற்றில்டா முதல் அட்டையை எடுத்தார். நான்காக மடித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். சிவபாலன் மேசையைத் தூக்கிப் பிடித்தார். அட்டையைச் செருகியபின், மெற்றில்டா உள்ளங்கையை மேசைமேல் ஊன்றி, இன்னும் ஆடுகிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.