விருந்துக்கு முந்திய ஊசி

டங்... டடங்... டங்!

சமையற்கட்டில் கொத்துபரோட்டா கொத்தும் சத்தம் ஓட்டலின் ஏசி அறைக்குள்ளும் கேட்டது. மற்ற நாட்களில் சிராஜின் பசியைக் கிளப்பிவிடும் சத்தம் அது. அன்றைக்கு அவர் நெஞ்சுக்குள்ளேயே யாரோ கொத்துவது போலிருந்தது. காதில் வைத்திருந்த செல்போனில் அவர் மனைவி முபீனா விம்மிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் இப்பத்தான் கூப்பிட்டாரு. சுகரு கிட்னியத் தொட்டுருச்சாம்ங்க. இப்படியே போனா டயாலிசிஸ்ல கொண்டு போய் விட்ருமாம். நீங்க எங்க இருக்கீங்க? திருமங்கலம் விருந்துலயா?"

"ஆமா..."

"நம்ம சபிஹா மேல சத்தியம் பண்ணுங்க. இன்னைக்குப் பரோட்டா, பிரியாணி எதையும் தொட மாட்டேன்னு சொல்லுங்க."

கல்லூரிக்குப் போகும் ஒரே மகளின் முகம் கண்ணில் நிழலாடியது. சிராஜ் சத்தியம் செய்தார். நல்ல சத்தியம்தான். ஆனால் செய்த நேரம் பொல்லாத நேரம். சற்று முன்புதான், ஓட்டல் வாசலில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து, அவர் தன் வயிற்றில் விருந்து ஊசி போட்டிருந்தார்.

சிராஜ் தண்ணீர் மோட்டார் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. மதுரையில் வீடு. மேலூர், சமயநல்லூர், திருமங்கலம் என்று பாதி வாழ்க்கை ரோட்டில். சர்க்கரை வியாதி வந்த பிறகு, ஊர் ஊராக எப்படிச் சாப்பிட்டுப் பிழைப்பது என்பதை அவர் பாடம் போலக் கற்றிருந்தார். மெஸ்ஸில் சோற்றைப் பாதியாகக் குறைத்து, கீரையையும் கூட்டையும் மறுபடி கேட்டு வாங்குவார். சால்னாவை இலைப் பக்கமே விட மாட்டார். டீக்கடைகளில் அவரைக் கண்டதுமே சீனி போடாத டீயை ஆற்றத் தொடங்கிவிடுவார்கள். தனியாகச் சாப்பிடும்போதெல்லாம் நாக்கை ஜெயித்த மனிதர் அவர். பந்தியில்தான் தோற்றார்.

மோட்டார் கடைக்காரர்களின் பந்தி அப்படி. விருந்து வைக்கும் கடைக்காரரே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து பரிமாறுவார். கம்பெனி ஆள் இலையில் மிச்சம் வைத்தால் அது பரிமாறியவரின் முகத்துக்கு நேரே செய்த அவமரியாதை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போகும் இடத்தில்தான் வியாபாரமே பேசுவார்கள். அதனால் சிராஜ் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பந்தி இருக்கும் நாளில், டாக்டர் சொன்ன அளவுக்கு மேலே தானாகவே இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொள்வார். அதற்கு விருந்து ஊசி என்று பெயரும் வைத்திருந்தார். முபீனாவுக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதே அவருடைய தைரியம்.

அவர் இலைக்கு முன்னால் பிரியாணி வாளியோடு வந்து நின்றார் அழகுபாண்டி. திருமங்கலத்தில் பெரிய மோட்டார் கடை அவருடையது. சிராஜோடு மாப்பிள்ளை, மச்சான் என்று முறை வைத்துப் பழகுபவர்.

"என்ன மாப்ள, இலைய மூடுறீக?"

சிராஜ் எழுந்து நின்றார். நாற்பது பேர் பார்க்க, உடைந்த குரலில் சொன்னார்: "மச்சான், எனக்குச் சக்கரை. கிட்னி வரைக்கும் போயிருச்சாம். பிள்ளை மேல சத்தியம் பண்ணிருக்கேன். மன்னிச்சிருங்க."

பக்கத்து இலையில் இருந்த சமயநல்லூர் விருமாண்டி சிரித்தார். "பாய், நீங்களே சோறு இழுக்க மாட்டேங்கிறீங்க. உங்க மோட்டாரு எப்படித் தண்ணி இழுக்கும்?"

"ஏய், சும்மா இருய்யா!" என்று அதட்டினார் அழகுபாண்டி. அவர் கண் கலங்கிவிட்டது. "என் தங்கச்சி அழுது வாங்குன சத்தியம்யா இது. எலே, மாப்ளைக்கு மீனும் வெள்ளரிக்காயும் கொண்டாங்க. இனிப்புப் பண்டம் ஒண்ணுகூட இவரு பக்கம் வரக்கூடாது. ஆமா!"

அந்த அன்பே எமனாக வந்து வாசலில் நிற்கிறது என்று அந்த நல்ல மனிதருக்கு எப்படித் தெரியும்?

மீனைத் தின்று முடிப்பதற்குள் சிராஜின் முதுகில் வேர்வை வழிந்தது. ஏசி குளிரில் சட்டை உடம்போடு ஒட்டியது. விரல்கள் நடுங்கின. அப்போதுதான் ஊசி நினைவுக்கு வந்தது. யா அல்லா! பிரியாணியை நம்பிப் போட்ட மருந்துக்கு உள்ளே பிரியாணி இல்லையே! இருக்கிற சர்க்கரையையும் அது இறக்கிக்கொண்டே போகுமே! எதிர் இலையில் குலோப் ஜாமூன் பளபளத்தது. சத்தியம் பரோட்டாவுக்கும் பிரியாணிக்கும்தானே என்று மனசு கெஞ்சியது. கையை நீட்டினார்.

அழகுபாண்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் மாப்ள. ஒரு நிமிசத்து ஆச."

"இல்ல மச்சான்... ஜூஸாச்சும்..."

"ஜூஸா? அதுல எம்புட்டுச் சீனி போடுறான் தெரியுமா?"

ஊசி என்று சொல்ல வாயெடுத்தார். நாக்கு குழறியது. என்ன சொல்ல வந்தோம் என்பதே மங்கிப் போயிற்று. திடீரென்று மூண்ட கோபத்தில் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார்.

"பாய் வெளிய போய் ஊத்திக்கிட்டு வந்துட்டாரு போல!" என்று ஒரு குரல். சுற்றிலும் சிரிப்பு. ஆயுளில் ஒரு சொட்டு மதுவைத் தொடாத அந்த மனிதர், அந்தச் சிரிப்பின் நடுவே, பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியும் வெகுநேரம் கழித்துத்தான் கண் திறந்தார். முபீனாவைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார். பிறகு நினைவு திரும்பிவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம், கொய்யாப்பழப் பையோடு அழகுபாண்டி வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

"இன்னொரு தடவ இப்படி ஆனா முழிக்க மாட்டாராம்ணே."

"ஊசி போட்டிருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஊட்டி விட்டிருப்பேனேம்மா! கேட்டாரும்மா... வாய்விட்டுக் கேட்டாரு. இந்தக் கைதான் தடுத்துச்சு." துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"உங்க மேல தப்பில்ல. எனக்கே தெரியாதுண்ணே. இனி ஊசி என் கையிலதான். டாக்டர் சொன்ன அளவுதான். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவரு உங்க கடைக்கு வருவாரு, வேலை பாப்பாரு. பந்திக்கு மட்டும் கூப்பிடாதீங்க."

அழகுபாண்டி தலை குனிந்தார். "நான் கூப்பிட மாட்டேன்மா. மத்தவங்க விட மாட்டாங்களே. இவரு உக்காரலன்னா அந்த இலையில வேற கம்பெனி ஆளு உக்காந்துருவான். அப்பறம் ஆர்டர் யாரு குடுப்பா?"

"வேலை போனாப் போகட்டும்ணே. மனுசன் இருக்கட்டும்."

உள்ளறையிலிருந்து சிராஜின் குரல் வந்தது. "மச்சான்... வெள்ளிக்கிழம மேலூர்ல விருந்து. நான் வாரேன்னு சொல்லிருங்க. இந்தத் தடவ அளவாப் பாத்துக்கிருவேன்."

முபீனாவின் முகம் வெளிறியது. அழகுபாண்டி அவளையே பார்த்தார். பிறகு உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "அது தள்ளிப் போயிருச்சு மாப்ள!"

"எப்பவாம்?"

"தெரியல மாப்ள. நீங்க படுங்க."

பொய்தான். சொல்லிவிட்டு அவர் செருப்பைத் தேடினார். கால் சரியாக நுழையவில்லை. "வாரேன்மா" என்று முணுமுணுத்தபடி படியிறங்கினார். சட்டைப் பையில் செல்போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு, "மேலூர்க்காரங்கதான்" என்றார், யாரிடமென்று இல்லாமல்.

முபீனா கதவைச் சாத்தினாள்.