அக்கா தொட்ட சந்தனம்

"…கலைச்சவ கையால வளையல் ஏத்திக்கினா ஆவுமா, நீயே சொல்லு? கொஞ்சம் தள்ளி நின்னுக்கோ மே, கோச்சிக்காத" என்றாள் அத்தை, சிரித்த முகத்தோடு.

நகரியில் ஒரு மண்டபத்தில் அத்தை மகளுக்கு வளைகாப்பு. அக்கா அப்போதுதான் சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்துக்கொண்டு அந்தப் பெண்ணின் கன்னத்தருகே போயிருந்தாள். விரல்கள் அப்படியே நின்றன. அத்தை எங்கள் நைனாவின் தங்கை. அக்காவுக்கு மாமியாரும் அவள்தான்.

அத்தையின் பேச்சை ரசித்தே வளர்ந்தவள் நான். எதற்கும் தறியிலிருந்து ஒரு சொல் எடுத்து வைப்பாள். வீட்டில் சண்டை மூண்டால், "அறுந்த எடத்துல முடிச்சு போட்டு ஓட்டுங்கடி" என்பாள். அதே பேச்சை வளைகாப்புக்கு முந்தின வருஷம் திருப்பதி ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கேட்டேன்.

அக்காவுக்கு அது முதல் கர்ப்பம். ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்து, வயிற்றில் ஊசி விட்டு நீர் எடுத்துப் பார்த்து, குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டரம்மா உறுதியாகச் சொன்னார். வளர்ச்சி மெதுவாக இருக்கும், இதயத்தையும் பார்க்க வேண்டும், நன்றாக வளர்கிற பிள்ளைகளும் உண்டு, முடிவு உன்னுடையது, நிதானமாக யோசி என்றார். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: அப்படி ஒரு பிள்ளையை ஒருமுறை பார்க்க வேண்டும். புத்தூரில் ஒரு தாய் இருக்கிறாள், பேசி வைக்கிறேன் என்றார் டாக்டரம்மா.

"பாத்தா மனசு எளகிடும், வேணாம்" என்றாள் அத்தை, வெளியே வந்ததும். "ஓட்ட வுழுந்த முழத்த வெட்டிப் போட்டுட்டு மேல தறி ஓட்டறதில்ல? இதுக்குப் போயி அழுதுக்கினு."

அக்காவின் புருஷன் செல்போனைத் தடவிக்கொண்டு நின்றார். மறுநாளே கருவைக் கலைக்க அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பார்த்திருந்தால் என்ன முடிவெடுத்திருப்பாளோ, எனக்குத் தெரியாது. பெற்றிருந்தாலும் சரி, வேண்டாமென்றிருந்தாலும் சரி, நான் குறை சொல்லமாட்டேன். பார்க்கவே விடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதோடு விட்டாளா? தன் மகள் உண்டானதும் அதே டாக்டரம்மாவிடம் அதே சோதனைக்கு அழைத்துப் போனாள். துணைக்கு அக்கா. "வழி தெரிஞ்சவ நீதான மே." அக்கா அன்று முழுக்க அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றுமில்லை என்று சொன்னபோது முதலில் அழுததும் அக்காதான்.

இப்போது அந்தக் குழந்தை தவழ்கிறது. அத்தை அதை என் மடியில் போட்டுக் கொஞ்சச் சொல்கிறாள், கொஞ்சுகிறேன். குழந்தை என்ன செய்யும்? ஆனால் எந்த விசேஷ வீட்டிலும் சந்தன வாசம் வந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

வளைகாப்பு அன்று அக்கா விரல்களைத் தன் முந்தானையிலேயே துடைத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போனாள். கர்ப்பிணிப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போனாள். சந்தனத்தைச் சாக்கடையில் கொட்டினாள். கிண்ணத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பிறகு, அதைத் தூக்கி வந்த தன் கையையும் கழுவிக்கொண்டாள்.