பிலோமினா டீச்சரும் எட்டாய் முறுக்கிய பெல்ட்டும்

இதுவரை எந்தச் சாவுச் செய்தியையும் யாராவது வந்து சொல்லித்தான் அறிந்திருக்கிறேன். பிலோமினா டீச்சர் போன செய்தியை நானே படித்தேன். சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மகன் பெலிக்ஸ் போனில் அனுப்பியிருந்தார். 'அம்மா' என்று படித்தேன். 'இன்று காலை' என்று படித்தேன். எழுந்து உட்கார்ந்துவிட்டார் போல என்று மகிழ்ந்தேன். கடைசி வார்த்தையை எழுத்துக் கூட்டி முடிக்கும்வரை டீச்சர் எனக்கு உயிரோடுதான் இருந்தார். மெதுவாகப் படிப்பதில் இப்படியும் ஒரு லாபம் உண்டு.

என்னைக் கிழவயதில் படிக்க வைத்தவர் அவர். அதற்குக் காரணம் ஒரு லேத்.

டீச்சர் மிஷன் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்று, எங்கள் மலையூர் கொட்டச்சேட்டில் தனியாக இருந்தார். பக்கத்து எஸ்டேட்டின் பழைய பட்டறையைக் காலி செய்தபோது, வெள்ளைக்காரர் காலத்து லேத் ஒன்றை வாங்கிவிட்டார். ஓய்வு பெற்ற மற்ற டீச்சர்கள் ரோஜாச் செடி வைப்பார்கள். இவர் உலோகத்தைச் சுழலவிட்டுக் கடையும் மிஷினை சாப்பாட்டு மேசை இருந்த இடத்தில் நிறுத்தினார். மேசை வராந்தாவுக்குப் போனது.

எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மிஷினோடு காலம் தள்ளியவன் நான். அதனால் என்னை அழைத்தார்.

"ஏனுங்க சடையண்ணா, எனக்கு மிஷின் வேலைக்குக் கூடமாட ஒரு ஆள் வேணும். நீங்க வாங்க, நான் எழுத்துச் சொல்லித் தர்றேன்."

மிஷின் மட்டமாக நிற்கிறதா என்று அதன்மேல் ஒரு தட்டில் தண்ணீர் வைத்தார். தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கியது. "லேத்து நேராத்தான் இருக்குது. ஊடுதான் கோணல்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மிஷினின் காலடியில் தகரத் துண்டுகளைச் செருகினார்.

அடுத்தது மோட்டாரையும் லேத்தையும் இணைக்கும் தோல் பெல்ட். பல்பருக்கு அதை எட்டுப் போல முறுக்கித்தான் போடுவோம். டீச்சரின் அப்பாவும் எஸ்டேட்டில் இன்ஜின் டிரைவராக இருந்தவர். "பெல்ட்டுன்னா எட்டுதானுங்க," என்றார் டீச்சர். "பின்னே?" என்றேன். எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

ஐப்பசியில் பெலிக்ஸ் வந்தார். மிஷினைப் பார்த்துவிட்டு, "போதும்மா, ஊட்டைப் பூட்டிட்டு பெங்களூரு வந்துருங்க," என்றார்.

"இதுல உருப்படியா ஒரு சாமான் செஞ்சு காட்டுனா இங்கயே இருக்கலாமா கண்ணு?"

"கிறிஸ்மஸுக்குள்ள செஞ்சுட்டா இருங்க. இல்லேன்னா பொட்டியோட கிளம்பிரணும்."

என் வீட்டுக் கைப் பல்பரில் தண்டு சுழலும் பித்தளை வளையமான புஷ் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதையே செய்வது என்று முடிவானது.

பித்தளையில் டூல் என்னும் வெட்டுக்கத்தி பட்டதும் மிஷின் பன்றிபோலக் கத்தியது. புகை வந்தது. தூள் மட்டும் வரவில்லை. டூலைத் தீட்டித் தீட்டிப் பாதியாக்கினோம். பக்கத்து ஊரான வெள்ளக்கடையின் டூவீலர் மெக்கானிக் ஆயில் போதாது என்றார். என் மனைவி கண்ணு பட்டிருக்கிறது என்று எலுமிச்சம்பழம் கட்டினாள். "நொம்ப நல்லதுங்க, ஆயில் படாம கட்டுங்க," என்றார் டீச்சர்.

ஒருநாள், பித்தளையைக் கவ்விப் பிடிக்கும் 'சக்' என்ற உருளை தானாகக் கழன்று கீழே குதித்து, வாசல் தாண்டி, படியிறங்கி, காப்பிச் செடிகளுக்குள் உருண்டோடியது.

"பாருங்க, எனக்கு முன்னாடி அது பெங்களூரு கிளம்பிருச்சு!"

சிரித்தார். ஆனால் டிசம்பர் பாதி ஆனதும் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்தார். அன்று அவர் சிரிக்கவில்லை.

பாடத்தை மட்டும் விடவில்லை. சக்கின் மேல் சாக்பீஸால் ஓர் எழுத்து எழுதுவார். கையால் தம் பக்கம் உருட்டி அடுத்த எழுத்தை எழுதுவார். அன்று என் பெயரை எழுதியிருந்தார். பாடம் முடிந்து மோட்டாரைப் போட்டோம். சற்று நேரத்தில் கரண்ட் போனது. சக் வேகம் குறைந்து, எழுத்துகள் ஒவ்வொன்றாய்க் கண்ணில் பட்டன.

"சும்மா நிக்காதீங்க, படிங்க."

"ன்... ப... ப்... ய... டை... ச..."

"சொந்தப் பேரையே கடைசியிலிருந்து படிக்கறீங்களே!"

"எழுத்து வர்ற மாதிரிதானுங்க டீச்சர் படிக்க முடியும். 'ன்'தான் முன்னால வருது."

டீச்சர் சக்கைப் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார்.

"சடையண்ணா! இது நம்ம பக்கம் வராம பின்னாடி சுத்துதுங்க! இத்தன நாளும் கத்தியோட முதுகுல கொய்யாப்பழம் அறுத்திருக்கறோம்!"

சிரித்துச் சிரித்து அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சுற்றையே திருப்பிவிட்ட அந்த எட்டு முறுக்கைப் பெல்ட்டிலிருந்து எடுத்தோம். கரண்ட் வந்ததும் பித்தளைத் தூள் மஞ்சள் மழையாய்க் கொட்டியது. முதல் புஷ் தண்டுக்குள் நுழையவில்லை, அடுத்தது தொளதொளத்தது. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் ஒன்று கச்சிதமாய் உட்கார்ந்தது.

கிறிஸ்மஸுக்கு வந்த பெலிக்ஸையே பல்பரைச் சுற்றச் சொன்னார் டீச்சர். அது அவருடைய புது வெள்ளைச் சட்டை முழுக்கக் காப்பித் தோலைத் துப்பியது. "இருந்துக்கங்கம்மா," என்றார் அவர், சட்டையைப் பார்த்தபடி. பெட்டியில் அன்றே டூல்கள் குடியேறின. பிறகு இந்தப் பக்கத்தில் புஷ் தேய்ந்த பல்பர் எதுவும் டீச்சரிடமிருந்து தப்பவில்லை.

நேற்று அடக்கம் முடிந்ததும் பெலிக்ஸ் வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். உள்ளே போனேன். சாக்பீஸ் அதே இடத்தில் இருந்தது. சக்கின் மேல் அவர் பெயரை எழுதி, கையால் என் பக்கம் மெல்ல உருட்டினேன்.

பி. லோ. மி. னா.

வரிசையாகவே வந்தது. போய் வாருங்கள் டீச்சர். பெல்ட் நேராகத்தான் இருக்கிறது.