அக்கா பார்க்காமல் போன பாடம்

அக்காவின் முதலாண்டு நினைவுக்காக விழுப்புரம் வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அவருடன் பணியாற்றிய ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அக்காவின் கணவரான மாமா, இதை எழுதச் சொல்லி மூன்று மாதமாகிறது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். பள்ளியில் நாள் முழுக்கப் பதிவேடு எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்தும் பேனாவைத் தொட மனம் வரவில்லை. போதாக்குறைக்கு, அக்காவைப் பற்றி உண்மையை எழுதினால் என்னைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அதுதான் பெரிய அலுப்பு.

அக்கா பிறந்தது மண்டகப்பட்டு பக்கத்தில் ஒரு சிற்றூரில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கிப் பிழைத்தவர்கள். அறுவடைக் காலத்தில் அக்கா விடிந்ததும் அவர்களோடு போய்ச் செடியிலிருந்து கடலைக்காய் ஆய்ந்துவிட்டு, நகத்தில் மண்ணோடு பள்ளிக்கு ஓடுவார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவர். திண்டிவனத்தில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தபோது அப்பா தவறிவிட்டார். படிப்பை முடித்து, வேலை கிடைத்து, என்னையும் அதே படிப்பில் சேர்த்துவிட்ட பிறகுதான் தன் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். எனக்குப் பிடித்தது தையல். அக்காவிடம் அதைச் சொல்லும் தைரியம் அன்றைக்கு எனக்கு இல்லை. சரி, நடந்தது நடந்துவிட்டது.

முகையூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகு, அக்கா ஆசிரியர் பயிற்றுநர் ஆனார். பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிற வேலை. அந்தப் பயிற்சி எப்படி நடக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேலிடத்தில் ஒரு கையேடு தயாராகும். அக்கா திண்டிவனத்துக்குப் போய் அதைக் கேட்டு வருவார். பிறகு அதையே என்னைப் போன்ற பள்ளி ஆசிரியர்களுக்குச் சொல்வார். நாங்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, டீ குடித்து, குழுவாக உட்கார்ந்து சார்ட் தாளில் எதையாவது வரைந்து, போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் பிடிப்போம். கடைசியில் பயிற்சி எப்படி இருந்தது என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கடைசியில் நிரப்பினால் பஸ் போய்விடும் என்பதால், காலை டீயோடே நிரப்பிக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம்.

ஒருநாள் அப்படித்தான் படிவத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டர் இல்லாமல் அந்தப் பயிற்சியை நடத்த முடியாது என்று பதினோரு மணிக்கே எங்களை அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை அக்கா என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார்.

"ஏண்டி, நடக்காத பயிற்சி மிகவும் பயனுள்ளதா இருந்துச்சின்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கியே, இன்னா பயன் கெடைச்சிது உனக்கு?"

"எல்லாரும் எழுதினாங்கக்கா. நானும் எழுதினேன்."

"எல்லாரும் எழுதினாங்க. ஒருத்தர்கூட மாத்தி எழுதல. அத்தனையும் படிச்சிட்டுதான் வர்றேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. "இத்தனை வருசமா நான் நடத்தினதுக்கும் இப்படித்தான் எழுதியிருப்பாங்க இல்ல?" என்றார். நான் காபி போடப் போய்விட்டேன்.

படிவங்களை அனுப்பப் போவதில்லை என்று அக்கா அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தார். "போட்டோ இருக்குதில்ல மேடம், அனுப்பிடுங்க, எதுக்கு பேஜாரு" என்றாராம் அங்கே இருந்தவர். படிவங்கள் போய்விட்டன.

அதற்குப் பிறகுதான் மாதக் கூட்டங்களில் அக்கா வேறு வேலையைத் தொடங்கினார். பத்துப் பதினைந்து பள்ளி ஆசிரியர்கள் சனிக்கிழமை கூடுவோம். உரையெல்லாம் கிடையாது. ஒரு வகுப்பு மாணவர்களை வரவழைத்து, ஓர் ஆசிரியர் ஒரு பீரியட் பாடம் நடத்த வேண்டும். மற்றவர்கள் பின்னால் அமர்ந்து, ஆளுக்கு ஒரு பிள்ளையை மட்டும் கவனிக்க வேண்டும். டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாது. அந்தப் பிள்ளை என்ன செய்தது என்பதை மட்டும் எழுத வேண்டும். முதல் மாதம் அக்காவே நடத்தினார். பாடம் ஊத்திக்கொண்டது. கெடாரிலிருந்து வந்த ஒரு சார், ஓய்வுக்கு இரண்டு வருடமே இருந்தவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நான் பாத்த பொண்ணு பீரியட் முழுக்க பக்கத்து நோட்டைப் பாத்துக்கினே இருந்திச்சி." அக்கா அதைக் குறித்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் மாமாவிடம், "இன்னிக்குத்தான்யா எனக்கு பயிற்சி கெடைச்சிது" என்றாராம். மாமா இதை இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த மாதம் யார் என்று கேட்டால் எல்லோரும் தரையைப் பார்ப்போம். மெதுவாக ஒருவர், இருவர் முன்வந்தார்கள். அக்காவுக்கு நான் நடத்த வேண்டும் என்று ஆசை. பயிற்றுநரின் தங்கையே ஒதுங்கினால் மற்றவர்கள் எப்படி வருவார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு வருடம் சாக்குச் சொன்னேன். கடைசியில் ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்டு நான் செய்த காரியத்தை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். ஆறாம் வகுப்பு, பின்னக் கூட்டல். கூட்டத்துக்கு முந்தைய வாரம் அதே பாடத்தை அதே பிள்ளைகளுக்கு மூன்று முறை நடத்தினேன். யார் எந்தக் கேள்விக்குக் கை தூக்க வேண்டும் என்றுகூடச் சொல்லிவைத்தேன். கணக்கு வராத நான்கு பெண்களை, புத்தகம் அடுக்க வேண்டும் என்று நூலக அறைக்கு அனுப்பிவிட்டேன்.

பாடம் பிரமாதமாகப் போனது. நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவின் நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது. வருகைப் பதிவேட்டில் நாற்பது, வகுப்பில் முப்பத்தாறு என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அவர் மற்ற நால்வரையும் தேடிப் போயிருந்தார். பீரியட் முழுக்க அவர்களோடு தரையில் உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றபோது, ஒரு பெண் அவரிடம் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள். அவள் பெயரைக்கூட நான் சரியாக உச்சரித்ததில்லை என்று அப்போது தோன்றியது.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு அக்கா சொன்னார்: "இந்த நாலு பேருக்குத்தான்டி நீ டீச்சர். மத்தது நீ இல்லாட்டியும் படிச்சிக்கும்."

"அத்தனை பேர் முன்னால அசிங்கப்படச் சொல்றியா?"

"ஆமா."

அந்த ஒரு வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. ஐந்து மாதம் நான் அவரோடு பேசவில்லை. பொங்கலுக்குக்கூடப் போகவில்லை. எவ்வளவு கேவலமான ரோஷம் என்று இன்று தெரிகிறது. அன்று தெரியவில்லை.

அவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று மாமா போன் செய்த பிறகுதான் போனேன். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். புதுச்சேரிக்குப் போய் வருவதிலேயே ஆள் பாதியாகிவிட்டார். நடந்ததைப் பற்றி இருவரும் பேசவில்லை. காலைப் பிடித்துவிடும்போது அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"எப்போடி நடத்தப் போற?"

"அடுத்த மாசம்க்கா."

"நாலு பேரும் இருக்கணும்."

"இருப்பாங்கக்கா."

எத்தனை அடுத்த மாதம் போனது என்று நான் எண்ணவில்லை. அக்காவுக்கு உடம்பு தேறட்டும், அவர் வந்து பார்க்கட்டும், பிறகு நடத்தலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில், மாமாவின் தோளில் சாய்ந்தபடியே அக்கா போய்விட்டார்.

அவரை ஒரு நாளும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மாமாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது. டயாலிசிஸ் அறைச் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த ஆசிரியர்களுக்கும், தான் ஓட்டும் காரை நேரம் காலம் பார்க்காமல் எடுத்து வந்த எங்கள் சித்தப்பா மகனுக்கும், முகையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து வாசலில் நின்ற அவருடைய பழைய மாணவர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டு அடுப்பைக் கவனித்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போதெல்லாம் எதுவும் நினைவில் நிற்பதில்லை.

இன்னும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. போன மாதச் சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்திருந்த ஆசிரியர்களுக்கு அது. அன்று நான் பின்னக் கூட்டல் நடத்தினேன். ஒத்திகை இல்லை. அந்த நான்கு பெண்களும் இப்போது எட்டாம் வகுப்பு. அவர்களை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு முன்வரிசையில் உட்கார வைத்தேன். பத்தாவது நிமிடத்தில் எனக்கே குழம்பிவிட்டது. பாதிப் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. மணி அடித்தபோது கணக்கு பலகையில் பாதியில் நின்றது. யாரும் கை தட்டவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு டீச்சர் தன் தாளைப் பார்த்துப் படித்தார்: "நான் பாத்த பொண்ணு ரெண்டு தடவை கை தூக்கினா. டீச்சர் பாக்கல. அப்புறம் அவ தூக்கல." ஐந்தில் இரண்டு என்று சொன்ன அதே பெண். நான் பார்க்கவே இல்லை.

இதை முதலில் போய்ச் சொல்ல வேண்டிய வீட்டில் இப்போது படம்தான் மாட்டியிருக்கிறது. அதனால் உங்கள் எல்லோர் முன்னாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்கா, நடத்திட்டேன். நாலு பேரும் இருந்தாங்க. பாடம் சரியா வரல.