தந்தம் என்று எழுதிக்கொள்ளுங்கள்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, யானைத் தந்தத்தில் வணிகம் செய்பவர் தம்மிடமுள்ள கையிருப்பை முப்பது நாள்களுக்குள் உரிய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்க வேண்டியவர் வணிகம் செய்பவர். அவருடைய அண்ணன் மகள், வயது பதினொன்று, அவர் பெயரில் கையெழுத்திட்டு அறிவிக்கலாம் என்று எந்த உட்பிரிவிலும் இல்லை. இருபத்திரண்டு வருடம் அரசுக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி விருப்ப ஓய்வு வாங்கியவள் என்ற முறையில் இதை இப்போது உறுதியாகச் சொல்வேன். 1992-ஆம் வருடக் கோடை விடுமுறையில் எனக்கு இது தெரியாது.

அந்தச் சட்டம் எங்கள் வீட்டுக்கு வந்தது அலமாரி வழியாக. அப்பா அரசுச் செயலகத்தில் வேலை பார்த்தார். கழித்துப்போட்ட அரசிதழ்களைக் கட்டாகக் கொண்டுவருவார். அம்மா அவற்றை அலமாரித் தட்டுகளில் விரிப்பாள். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, தான் செய்யும் நகைகளை மாடி அறையில் அப்படி ஒரு தட்டில்தான் அடுக்கி வைத்திருந்தாள். கணவன் வீட்டை விட்டு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அரமும் சின்ன ரம்பமும் வைத்துக்கொண்டு, வெள்ளைப் பாளங்களை அறுத்துத் தேய்த்து, ஜிமிக்கி, பதக்கம், சீப்பு, சுவரில் மாட்டும் மயில் எல்லாம் செய்வாள். பெரிய கடைத்தெருவிலிருந்த ஒரு கடைக்காரி, வீட்டு அலங்காரத்தில் மோகம் கொண்ட சீமாட்டிகளுக்காக மாதம் ஒரு முறை வாங்கிப் போவாள். அந்த வருமானத்தால்தான் அத்தை எங்கள் வீட்டில் தலை நிமிர்ந்து சாப்பிட்டாள்.

ஒரு நாள் ஜிமிக்கிகளைத் தள்ளிவிட்டு, கீழே விரித்திருந்த அரசிதழைப் படித்தேன். அகப்பட்டதையெல்லாம் படிக்கும் பிள்ளை நான். யானைத் தந்தம், முப்பது நாள், தவறினால் குறைந்தது ஓராண்டு சிறை, ஏழாண்டு வரை போகலாம். தேதியைப் பார்த்தேன். முப்பது நாள் எப்போதோ முடிந்திருந்தது. அத்தையின் சிறையை எங்கள் வீட்டிலேயே, அவள் சரக்குக்கு அடியிலேயே விரித்து வைத்திருந்தோம்.

அவள் செய்வது தந்த நகை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் யாருக்கும் இல்லை. முதன்முதலில் அவள் வெள்ளைப் பாளத்தைக் கொண்டுவந்தபோது அப்பாதான், "தந்தமா?" என்று கேட்டாராம். அத்தை ம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்பாவுக்கு அதுவே போதும். அவள் செய்த பிள்ளையாரைப் பூஜை அறையில் நடுநாயகமாக வைத்தார். அவள் செய்த காகிதம் வெட்டும் கத்தியை மேலதிகாரிக்குக் கொடுத்து, தந்த வேலை பரம்பரையாக வருகிறது என்றும் சொல்லிவைத்தார். அம்மா வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அத்தை செய்த கம்மலைத்தான் போட்டுக்கொள்வாள். முட்டை போட்ட கேக்கைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பும் சைவ வீடு எங்களுடையது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காக்கி கண்டாலே போலீஸ் என்று நினைத்தேன். பெங்களூரில் ஆட்டோக்காரர் எல்லாரும் காக்கி, தபால்காரரும் காக்கி. தெருமுனைக் கடைக்குப் போய்வருவதற்குள் நாலு முறை அத்தை கைதானாள். யாரிடமாவது சொன்னால் அந்தக் கணமே அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. ஆகவே சொல்லவில்லை, எழுதினேன். விடுப்புக் கடிதம் எழுத அப்பா கற்றுக்கொடுத்திருந்த முறைப்படி, அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு, அத்தையின் சரக்கைப் பட்டியலிட்டு, அவள் கையெழுத்தையும் நானே போட்டேன். முப்பது நாளுக்குள் அடங்கும்படி முன்தேதி இட்டு, தபாலில் போட்டேன். உறை மேல் விழும் அஞ்சல் முத்திரை உண்மைத் தேதியைக் காட்டிக்கொடுக்கும் என்பது பிற்பாடு உத்தியோகத்தில் கற்றது.

ஆறு வாரம் கழித்து, ஒரு இரண்டாம் சனிக்கிழமை, அப்பா வீட்டில் இருக்கும்போது வாசலில் ஜீப் நின்றது. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து கூடம் முழுவதும் தெரியும்.

வனத்துறை அதிகாரி வயதானவர், சாது. கன்னடம் கலந்த தமிழில் பேசினார். என் கடிதத்தை நீட்டி, "ஏன்ம்மா, இது நீங்க எழுதினதுதானா?" என்றார்.

அத்தை கடிதத்தைப் பார்த்தாள். என் குண்டு எழுத்து அவளுக்குத் தெரியாதா? தலை நிமிர்ந்து, "ஹௌது சார், நான்தான்" என்றாள்.

"என்ன காரியம் பண்ணியிருக்கே நீ!" என்று அப்பா கத்தினார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அதிகாரி கையமர்த்திவிட்டு, ஒரு பதக்கத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் வருடினார். "சாமி, கொஞ்சம் இருங்க. இதுல சின்னச் சின்னப் புள்ளியா குழி இருக்கு பாருங்க. தந்தத்துல இப்படி வராது. இது எலும்பு மாதிரி தெரியுதே?"

எனக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. அப்பாவுக்குத்தான் மூச்சு முட்டியது.

"எலும்பா? யார் வீட்ல வந்து என்ன சார் பேசறீங்க? இது பூஜை பண்ற வீடு. எங்க சாமியே இதுலதான் பண்ணியிருக்கு."

"தப்பா எடுத்துக்காதீங்க சார். எலும்புன்னா கேஸே இல்ல, நான் இப்பவே போயிடறேன். அதுக்குத்தான் கேட்டேன். அம்மா, நீங்க சொல்லுங்க. இது என்னது?"

அத்தை அப்பாவைப் பார்த்தாள். சமையலறை நிலைப்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். பூஜை அறைப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

"தந்தம்தான் சார். தந்தம்னே எழுதிக்குங்க."

அதிகாரி பேனா மூடியைக் கழற்றவில்லை. "முப்பது வருஷ சர்வீஸ்மா. தந்தம் வெச்சிருக்கறவங்க எல்லாரும் எலும்பு, பிளாஸ்டிக்குன்னுதான் சத்தியம் பண்ணுவாங்க. நீங்க உல்ட்டாவா இருக்கீங்களே."

பிறகு அவர் தம் வேலையைச் செய்தார். நாலு பொருளைத் துணியில் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவை எழுத்து மூலம் தெரிவிப்பதாகவும், அதுவரை எதையும் விற்கக்கூடாது என்றும் சொன்னார். மாதிரி எடுத்ததற்கு ரசீது கொடுத்தார். முறையான ரசீது, குறை சொல்ல இடமில்லை.

பாளங்கள் வந்த வழியை அத்தை எனக்குச் சொன்னது பல வருடம் கழித்து, ஈஜிபுராவில் அவள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில். சந்தையில் கசாப்புக் கடைக்காரரிடம் மாட்டுத் தொடை எலும்பு சொல்லிவைத்து வாங்குவாளாம். விவேக் நகரில் இருந்த பள்ளித் தோழி வீட்டின் பின்புறம் சோடா போட்டு வேகவைத்து, வெளுக்கவைத்து, அறுத்து, வாடை போன பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவருவாள். கடைக்காரிக்கு எலும்பு என்று தெரியும். எலும்பு என்றே விற்றாள். தெரியாதது எங்கள் மூன்று பேருக்கு மட்டும். "உங்கப்பா பிள்ளையார் கேட்டப்பவே சொல்லியிருக்கணும்" என்றாள். "சொன்னா அன்னிக்கே மூட்டை கட்டணும். வாய் வரல."

ஆனால் அது பிற்பாடு. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பியிருப்பாள், சத்தியசந்தையாக இருந்து மாட்டிக்கொண்டாள் என்பதுதான். என்னால் மாட்டிக்கொண்டாள். கடிதத்தைப் பற்றி அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஒன்றரை வருடம் காத்திருந்தோம். அத்தை அரத்தைத் தொடவில்லை. பீன்யாவில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றும் கம்பெனியில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கே அலைய ஆரம்பித்தாள். மற்ற நாள்களில், தபால் வரும் பதினொரு மணிக்கு வாசல் கேட்டருகே நிற்பாள். விடுமுறை நாள்களில் நானும் பக்கத்தில் நிற்பேன். தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனதும் நான் பெருமூச்சு விடுவேன், இன்றும் பதில் இல்லையே என்று. அவளும் பெருமூச்சு விடுவாள். இரண்டும் ஒன்று என்று நினைத்தேன்.

"வந்துச்சுன்னா நேரா என் கையில குடு. அப்பாகிட்ட காட்டாத, என்ன?" என்று ஒரு நாள் சொன்னாள்.

"ஜெயில்னு போட்டிருந்தா?"

"என்ன போட்டிருந்தாலும்."

தலையாட்டினேன்.

அது வந்த அன்று அத்தை பீன்யாவுக்குப் போயிருந்தாள். பழுப்பு உறை, அரசு முத்திரை, அவள் பெயர். பிறர் பெயருக்கு வந்த தபாலைப் பிரிக்கலாகாது என்ற விதியும் எனக்குத் தெரியும். மாலை வரை அந்த உறையைக் கையில் வைத்திருக்கும் தெம்பு எனக்கு இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன். முதல் முறை எழுத்தே தெரியவில்லை. இரண்டாம் முறை படித்ததும் கால் தரையில் நிற்கவில்லை. கூடத்துக்கு ஓடினேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கோப்பு எண்ணிலிருந்து தொடங்கி, அம்மாவுக்காக வரிக்கு வரி தமிழாக்கி, உரக்கப் படித்தேன். பெறப்பட்ட மாதிரிகள் நான்கும் யானைத் தந்தம் அல்ல, மாட்டு எலும்பு, ஆகவே மேற்படி சட்டம் பொருந்தாது, பொருள்களை அலுவலக நேரத்தில் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

"அத்தைக்கு ஜெயில் இல்ல!" என்று குதித்தேன்.

அப்பா பேப்பரை இறக்கவில்லை. அம்மாவின் கை அரிவாள்மணையை விட்டுக் காதுக்குப் போயிற்று. சந்தோஷத்தில் இருவருக்கும் பேச்சு வரவில்லை என்று நினைத்து, இன்னொரு முறை, இன்னும் சத்தமாகப் படித்தேன். அதற்குள் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. யாரும் எழுந்திருக்காததால் நானே ஓடிப்போய், செருப்பைக் கழற்றக்கூட விடாமல், அத்தையின் கையில் கொடுத்தேன்.

பதில் வந்துசேர்ந்த தேதி 11 டிசம்பர் 1993, இரண்டாம் சனிக்கிழமை.