ஆள் சேர்த்து இறங்குபவர்

லிஃப்ட்டுக்குள் நான்கு பேர் நிற்கிறார்கள். எட்டுப் பேர் நிற்கலாம் என்கிறது உள்ளே அடித்திருக்கும் தகடு. இவர் வாசலில் நின்று தலைகளை எண்ணுகிறார். உடம்பு பெருத்தவர் ஒருவரை ஒன்றரையாகப் போட்டுக்கொள்கிறார். பிறகு ஓரடி பின்னால் வைத்து, “நீங்க போங்க, நான் அடுத்ததுல வர்றேன்” என்கிறார். குடியிருப்புக்குப் புதிதாக வந்தவர்கள் இதை மரியாதை என்று நினைத்து நெகிழ்ந்துபோவதுண்டு. இது மரியாதை அல்ல, மின்சாரம்.

அவரே எனக்கு விளக்கியிருக்கிறார். இருபத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக், விளக்கத் தெரிந்தவர். “பெட்டிக்கு மறுபக்கம் கயித்துல ஒரு எடை தொங்குது சார். பாதி ஆள் ஏறினா ரெண்டும் சமம். அதுக்குக் கம்மியா ஏறினா அந்த எடையே கீழ எறங்கி நம்மள மேல இழுத்துடும், மோட்டாருக்கு வேலையே இல்ல. ஓசி சவாரி.” ஆகவே, நாலு பேருக்கு மேல் ஆனால் அவர் ஏற மாட்டார். இறங்கும்போது கதை தலைகீழ். காலிப் பெட்டி கீழே வர வேண்டுமானால் அந்த எடையை மோட்டார்தான் தூக்க வேண்டும். எனவே தினமும் காலையில் நாலாவது மாடியில் கதவை ஒரு காலால் மறித்துக்கொண்டு, “கீழ யாராச்சும் வர்றீங்களா?” என்று குரல் கொடுப்பார். நாலு பேர் சேர்ந்த பிறகுதான் காலை எடுப்பார். சட்டையை மாட்டிக்கொண்டே ஓடி வருகிறவர்களும் உண்டு, அந்தக் குரலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்கிறவர்களும் உண்டு. நான் எதிர்வீடு. சாத்திப் பயனில்லை.

பொது மின்கட்டணம் நாற்பது வீடுகளுக்குப் பிரிகிறது. அவருடைய இந்தத் தவத்தால் அவர் வீட்டுக்கு மிச்சமாவது மாதம் ஒரு தீப்பெட்டிக் காசுகூட இருக்காது. ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். “எவ்வளவுன்னு இல்ல சார், வீண் வீண்தானே” என்றார்.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கைக்குட்டைகளின் முறை வரும்; மிச்சச் சூட்டுக்கு அவை போதும். வேகும் பருப்பின் அடியில் நெருப்பு அணைந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பருப்புக்கு அது தெரியாது. கூடத்து விளக்கு எதிரில் ஒரு கண்ணாடியைச் சாய்வாக மாட்டி, அந்த வெளிச்சத்தை அடுக்களைக்கு அனுப்பி வைத்திருக்கிறார். முதல் தடவை போகிறவர்கள் அதில் தலை சீவிக்கொண்டு, மனைவியின் சமையலை இருட்டடிப்பார்கள். ஆனால் அவரைக் கஞ்சன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் மிக்ஸி கெட்டபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து சரிசெய்தார், காசு வாங்கவில்லை. நேரத்தைத் தண்ணீராய்ச் செலவழிப்பார். தண்ணீரைத்தான் அப்படிச் செலவழிக்க மாட்டார்.

தொழிலில் கற்றதைக் குடும்பத்துக்கும் சட்டமாக்கிவிட்டார் என்பதே அவருடைய விசேஷம். “ஒண்ணு ஏறினா ஒண்ணு எறங்கணும்.” புதுச் செலவு ஒன்று வந்தால் பழைய செலவு ஒன்று போக வேண்டும். துணி துவைக்கும் மெஷின் வந்த மாதம் பத்திரிகை இரண்டில் ஒன்று நின்றது. மகளுக்குச் சைக்கிள் வந்தபோது அவருடைய சிகரெட் இறங்கியது. இதற்காக அந்தச் சைக்கிள் கடைக்காரருக்கு அவர் மனைவி இன்றும் நன்றி சொல்கிறார். மனைவிக்கு மூக்குக்கண்ணாடி மாற்றிய வருடம் விடுமுறைப் பயணமே இறங்கிப்போனது.

அந்தப் பயணமும் சாதாரணப் பயணமல்ல. மனைவியின் தம்பி இன்னொரு ஊரில் இருக்கிறார். விடுமுறையில் இவர்கள் அந்த வீட்டுக்குப் போவார்கள், அவர்கள் இந்த வீட்டுக்கு வருவார்கள். அறை வாடகை கிடையாது. இரண்டு குடும்பமும் நடுவழியில் ஒரு பஸ் நிலையத்தில் சந்தித்துச் சாவி மாற்றிக்கொள்ளும், பத்து நிமிடம். “எங்க அக்கா வீட்ல பத்து நாள் தங்கினேன், அக்காவத்தான் பாக்க முடியல” என்பார் அந்தத் தம்பி. ஒரு வருடம் அவர் குழந்தை குட்டிகளோடு வந்து சாவி போட்டுத் திறந்தால் வீடு இருட்டு. வெளியே கிளம்பினால் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது நம்மவரின் தொழில் பழக்கம். ஆள் வரப்போகிறது என்பது பையில் போடும்போது ஞாபகம் வரவில்லை. “அத்தான், உங்க லிஃப்ட் நல்லா ஓடுது, வீடுதான் ஓடல” என்று தம்பி போனில் சொன்னது எங்கள் வீடுவரை கேட்டது. ஃப்யூஸ் நாங்கள்தான் கொடுத்தோம்.

மனைவி மருந்துக் கடையில் பில் போடுகிறார். அதிகம் பேசாதவர். ஒருமுறை என் மனைவியிடம் சொன்னாராம்: “ஒரு நல்ல செருப்பக் கையில எடுத்தாக்கூட, இதுக்கு என்னத்த எறக்குவாரோன்னு கைய வாங்கிக்கறேன். கேக்கறதையே விட்டுட்டேன்.”

சென்ற வருடம் கேட்டார். அன்று காலை அவர் கதவைக் காலால் மறித்துக்கொண்டிருக்க, உள்ளே நானும் அந்த அம்மாவும் மட்டும். நாலாவது ஆளுக்குக் காத்திருந்தோம்.

“ஏங்க, நமக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆகப்போகுது. மூணு நாள் எங்கயாவது போகணும். தம்பி வீட்டுக்கு இல்ல. கடல் தெரியற ரூம். நான் அடுப்புப் பக்கம் போக மாட்டேன். இதுக்காக எதையும் எறக்கக் கூடாது. சார் சாட்சி.”

“ஒண்ணும் எறக்காம எப்படி?”

“எறக்காம.”

“கயிறு தாங்காதே.”

“அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும். மெக்கானிக்தானே நீங்க?”

அவர் சிரித்தார். நாலாவது ஆள் வரவில்லை. வராந்தாவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, “சரி, எறக்கல” என்றார்.

கூட்டமில்லாத மாதமாகப் பார்த்து, வாரத்தின் நடுவில் மூன்று நாளாகப் பார்த்து, அறை எடுத்தார். அதுவரை அவர் குணம். ஆனால் கடல் தெரியும் அறைதான், ஆறாவது மாடி. அந்த அம்மா நம்பவில்லை. கிளம்புகிறவரை வீட்டில் எது காணாமல் போகிறது என்று வேவு பார்த்துக்கொண்டே இருந்தார். பால் வந்தது. பத்திரிகை வந்தது. மின்விசிறி ஓடியது. “மனுஷன் மாறிட்டாருங்க” என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னபோது அவர் முகம் அத்தனை பளிச்சென்று இருந்து நாங்கள் பார்த்ததில்லை.

பிறகு நடந்ததை அந்த அம்மா திரும்பி வந்த அன்று எங்களிடம் சொன்னார்.

ஓட்டல் லிஃப்ட்டிலும் கணவர் காலால் கதவை மறித்திருக்கிறார். துண்டோடு கடலுக்குக் கிளம்பியவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சேர்த்திருக்கிறார். “கரண்டு ஓட்டல்காரனோடதுங்க” என்றதற்கு, “யாரோடதா இருந்தா என்ன?” என்றாராம். அது வழக்கம், அந்த அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியது காலைச் சாப்பாட்டை. அது வாடகையில் சேர்த்தி. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். மதியச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார் என்று எதிர்பார்த்த மனிதர், இரண்டு துண்டு ரொட்டியைப் பாலில் நனைத்து, இடது கடைவாயில் மட்டும் மென்று, எழுந்துவிட்டார். இரண்டாம் நாளும் அப்படியே.

சந்தேகப்பட்டு அவருடைய ஷேவிங் பெட்டியைத் திறந்தால், வலி மாத்திரை. பாதி காலி. அட்டையில் வேறு கடையின் விலைச் சீட்டு.

“எங்க கடையில எனக்குப் பத்துல ஒரு பங்கு கழிவு உண்டுங்க. தலைவலித் தைலம்கூட என் பேர்ல எழுதித்தான் வாங்குவாரு. முழு வெல குடுத்து வெளில வாங்கியிருக்காரு. அதப் பாத்ததும்தான் எனக்குப் பயமே வந்துச்சு. ஏதோ பெரிய வியாதின்னே நெனச்சேன்.”

பெரிய வியாதி இல்லை. பல். வேரைச் சுத்தம் செய்து மேலே மூடி போட வேண்டும் என்று டாக்டர் நான்கு மாதம் முன்பே சொல்லியிருக்கிறார். அதற்குக் கேட்ட தொகை, கடல் தெரியும் அறையின் இரண்டு நாள் வாடகை.

“எறக்க மாட்டேன்னு சார் முன்னாடி சொன்னீங்களே?”

“வீட்ல எதையும் தொடலியே. பல்லு என்னோடதுதானே?”

“இருபத்தஞ்சு வருஷமா அந்தப் பல்லுக்கும் சேத்துத்தான் நான் சமைக்கறேன்.”

உடனே ஊருக்குக் கிளம்பச் சொல்லியிருக்கிறார். கட்டிய பணம் திரும்ப வராது என்றது ஓட்டல். அப்படியென்றால் கிளம்ப முடியாது என்றார் இவர். மூன்றாம் நாள் முழுவதும் இருவரும் பால்கனியில் உட்கார்ந்து, பணம் கட்டிய கடலைப் பார்த்திருக்கிறார்கள். “நாலு அலைக்கு ஒரு தடவ கன்னத்தப் பிடிச்சுக்கறாரு. நான் என்னத்தங்க ரசிக்கறது?” இதைச் சொல்லும்போது அந்த அம்மா அழவில்லை. எங்கள் வாசல் கதவின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். “இனிமே நான் எதக் கேட்டாலும் அவரு உடம்புலேருந்துதான் எடுப்பாரா?”

மறுநாள் அந்த அம்மா கடைக்கு லீவு போட்டார். பல் டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. பாலும் பத்திரிகையும் வந்திருந்தன. நான் அலுவலகத்துக்குக் கிளம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன். எதிரே லிஃப்ட் திறந்திருந்தது. உள்ளே அவரும் மனைவியும் மட்டும். அவர் வலது கன்னம் வீங்கியிருந்தது. ஆட்காட்டி விரல் கதவை மூடும் பொத்தானுக்கு அருகில் நின்றது. மாடியின் அந்தக் கோடியில் இன்னொரு வீட்டுக் கதவும் திறக்கும் சத்தம் கேட்டது. என்னோடு மூன்று, அங்கிருந்து வருகிறவரோடு நாலு. பழக்க தோஷத்தில் நானே, “இதோ வந்துட்டேன், இன்னொருத்தரும் வர்றாரு” என்று குரல் கொடுத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். வாசல்வரை நீண்டிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கதவு இரண்டும் சேருகிறவரை பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.