மொரிதாவும் மாமல்லபுரத்துக் கடலும்

துபாஷி வேலையில் இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. விருந்தாளிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டியே ஓய்ந்துபோன என் இனத்தாருக்கு இது நன்றாகத் தெரியும். நான் ஒரகடத்தில், காருக்கு பிரேக் செய்யும் கம்பெனி ஒன்றில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர். ஜப்பானிலிருந்து யார் வந்தாலும் மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு என் தலையில் விழும். அப்படி வந்தவர்தான் மொரிதா என்ற மூத்த இன்ஜினியர்.

துறைமுகம் எங்கே?

கடற்கரைக் கோயிலைச் சுற்றிவந்ததும் வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். பல்லவர் காலத்தில் இது பெரிய துறைமுகம், இங்கிருந்து சீனம் வரை கப்பல் போனது, இத்யாதி. மொரிதா பணிவாகக் கேட்டுவிட்டு, "துறைமுகம் எங்கே?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. இதுவரை யாரும் கேட்காத கேள்வி. கண்ணுக்கு எட்டியவரை மணல், அலை, ஒரு ஐஸ் வண்டி.

எங்கள் டிரைவர் எத்திராஜ் அண்ணன், வல்லக்கோட்டைக்காரர், "இன்னாவாம் அவருக்கு?" என்று கேட்டுக்கொண்டு, பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த மீனவர் காசியிடம் விசாரித்தார். காசி நிமிராமலே கரை நெடுகக் கையை வீசிக் காட்டினார்: "படகு எங்க வந்து ஏறுதோ அதாம்மா தொறமுகம். அப்பவும் அப்டித்தான் இருந்திருக்கும்."

மலைமேல் நெருப்பு

அடுத்த ஞாயிறும் அங்கேயே போகலாம் என்றார் மொரிதா. இந்த முறை பாறைமேல் இருக்கும் பழைய கற்கோயிலுக்கு ஏறினோம். அந்தக் காலத்தில் அதன் உச்சியில் நெருப்பு மூட்டிக் கப்பல்களுக்கு வழி காட்டினார்களாம். இன்றைய கலங்கரை விளக்கமும் பக்கத்திலேயே நிற்கிறது. நிழலில் உட்கார்ந்தோம். வெயில் மங்கி, கடலுக்கும் வானத்துக்கும் நடுவே இருந்த கோடு கரைந்துபோயிருந்தது. தூரத்தில் வெள்ளையாக ஒன்று நின்றது. மேகமா, பாய்மரமா? பாதித் தூக்கத்தில் நான் பாய்மரம் என்றே வைத்துக்கொண்டேன்.

மொரிதா தனக்குத்தானே பேசுவதுபோல ஆரம்பித்தார். அவர் ஊரும் ஒரு பழைய துறைமுகமாம். சுனாமி மொத்த ஊரையும் வாரிக்கொண்டு போயிருக்கிறது. அன்று அவர் தூரத்து ஊரில், வேலையில். மனைவி வீட்டில். இதைத் தமிழில் சொன்னேன். "வூடு இன்னும் கீதானு கேளும்மா" என்றார் எத்திராஜ் அண்ணன். கேட்டேன். மொரிதா கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "வீடு இல்லை. கரையிலிருந்த கலங்கரை விளக்கு மட்டும் இன்னும் சுற்றுகிறது."

கடல் உள்ளே போன காலை

அதற்கடுத்த வாரம் மொரிதாவே காசியிடம் என்னைக் கேட்கச் சொன்னார், இங்கே சுனாமி வந்தபோது என்ன நடந்தது என்று. காசி வலையைக் கீழே வைத்தார். "கடல் அப்டியே உள்ள போச்சும்மா. அடியில வரிசையா கல்லு, செவுரு மாதிரி. பழைய ஊருனு சொல்வாங்களே, அதுதானோனு வாயப் பொளந்து பாத்துகினே நின்னேன். அப்புறந்தான் ஓடுனேன்."

பாதி மொழிபெயர்ப்பில் நான் ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர்கள் எனக்காக நிற்கவில்லை. காசி கையால் காட்டினார், கடல் போனது, வந்தது. மொரிதாவும் கையால் காட்டினார், அலை எவ்வளவு உயரம் என்று. "அவர் சம்சாரம் கெடைச்சாங்களா?" என்று, எத்திராஜ் அண்ணன் சொல்லி விஷயம் தெரிந்திருந்த காசி கேட்டார். நான் மொழிபெயர்ப்பதற்குள் மொரிதா தலையை ஆட்டிவிட்டார், இல்லையென்று. அந்த அலைக்குப் பிறகு தான் கடலில் கால் நனைத்ததே இல்லை என்றார். காசி தன் படகைக் காட்டினார். "அப்ப அவங்க கடல்லதானே கீறாங்க? கரையில குந்திகினு பாத்தா எப்டி? வரச் சொல்லு, நான் இட்டுகினு போறேன்."

கடலிலிருந்து

அன்று மொரிதா நேரே காரில் போய் உட்கார்ந்துவிட்டார். வாரம் முழுக்கக் கம்பெனி உற்பத்தி லைனில் வேலையைத் தவிர வேறு பேச்சில்லை. நான் மொழிபெயர்த்ததில் ஏதோ சுருக்கென்று பட்டுவிட்டதோ என்று, சொன்ன வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஊருக்குத் திரும்பும் முன் வந்த கடைசி ஞாயிறு, ஷூவுக்குப் பதில் ரப்பர் செருப்போடு வந்து நின்றார். தமிழில் ஒரே சொல்: "படகு."

அலையைத் தாண்டியதும் காசி மோட்டாரை நிறுத்தினார். வெயில் புகையில் லாட்ஜ்களும் கடைகளும் மறைந்துபோய், கோயில் விமானமும் மலையும் மட்டும் தண்ணீர்மேல் மிதந்தன. மாதக்கணக்கில் கடலில் கிடந்து வந்த அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்கு ஊர் முதலில் இப்படித்தான் தெரிந்திருக்கும். மொரிதா குனிந்து மணிக்கட்டு வரை கையைத் தண்ணீரில் விட்டார். அப்படியே வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் ஏதோ சொன்னார், நடுவில் ஒருதரம் சிரிக்கவும் செய்தார். "இன்னாம்மா சொல்றாரு?" என்றார் காசி. எனக்கு எல்லாம் புரிந்தது, வாய் திறக்கவில்லை. படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்த எத்திராஜ் அண்ணன்தான் சொன்னார்: "விடுப்பா காசி, அது புருசன் பொண்டாட்டி பேச்சு."

மறுநாள் கம்பெனி மீட்டிங்கில் பிரேக்கைப் பற்றி இரண்டு மொழியிலும் பகல் முழுக்க விளக்கிப் பேசினேன். அப்படியும் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவில்லை.